அலாரம் அடித்தால் மயங்கும் ரூத்

பெங்களூர், 2003

அன்புள்ள பிலோமினாளுக்கு,

ரூத் விஷயம் இப்படி ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். இங்கே சுகம். உன் மூட்டுவலி எப்படி?

அலாரம் அடித்ததும் ரூத் மறுபடி மயங்கி விழுந்தாளாம். உன் தம்பி வளனரசு, பெற்ற மகளையே "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறா" என்று கோச்சடை ஊர் முழுக்கச் சொல்கிறானாம். அவனெல்லாம் ஒரு தகப்பனா?

எங்கள் ஆய்வுக்கூடப் பேராசிரியர் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "மைக்கேல்ராஜ், இருதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேற ஒரு வாசல் உண்டு. அதில் கம்பு மாதிரி நாலு இருக்கும்; அவை அடியில் குவிந்தால் மூடும், வளைந்து விரிந்தால் திறக்கும். சரியாகத் திறக்காவிட்டால், துடித்த இருதயம் அடங்கத் தாமதமாகும். அப்போது திடீர்ச் சத்தம் கேட்டால் தாளம் தப்பிவிடும். ரூத்துக்கு உடனே ஈ.சி.ஜி. எடு."

இதை அவனிடம் வாசித்துக் காட்டு. "குழாய் கழுவுற மச்சானுக்கு என்ன தெரியும்"னு இளித்தானே, இப்போது இளிக்கட்டும்!

அந்த அலாரத்தை எனக்கு அனுப்பிவிடு. இங்கே காலையில் என்னை எழுப்ப ஆளில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

மைக்கேல்ராஜ்

உனக்கு மட்டும்: பேராசிரியர் என்னிடம் பேசியதே இல்லை. மாணவர்களுக்குச் சொன்னதைச் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டே கேட்டேன். ரூத் பெயரை நான்தான் சேர்த்தேன். நான் சொன்னதாக எழுதினால் அந்தப் பயல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவானா?