பட்டன் இடுக்கில் பார்த்த படம்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
திங்கட்கிழமை

அன்பு மகள் ஷாரோனுக்கு அப்பா கிறிஸ்டோபர் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். அங்கே டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் யாராவது கேட்டால் தேவலை என்று சொல்லமாட்டாள். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தம் போடுவாள், எனக்கு இந்த விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கவேண்டும். பக்கத்துத் தெரு சீனிவாசன் மகள் வியாழக்கிழமை உங்கள் ஊருக்குத்தான் விமானம் ஏறுகிறாள், அம்மா கொடுத்துவிடும் இட்லிப்பொடி டப்பாவுக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். பொடி ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

விஷயம் அந்த வீடியோதான். நான் தியேட்டர் வாசலில் கையை நீட்டி நின்றுகொண்டு சொந்தப் பேரனே வந்தாலும் உள்ளே விடமாட்டேன் என்று கத்துவதை நீ முப்பது தடவை பார்த்ததாகச் சொன்னாய். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் நர்சுகளுக்கெல்லாம் இங்கிலீஷில் அர்த்தம் சொல்லிக் காட்டினாய் என்றும், ஒரு டாக்டரம்மா கை தட்டினார் என்றும் சொன்னாய். நீ அப்படிப் பெருமையாகப் பேசப் பேச நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன், அப்பா நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நீ எடுத்துக்கொண்டாய். அது நெகிழ்ச்சி இல்லை மகளே, பயம். அந்த வீடியோ பாதிதான். எடுத்தவன் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டான், மீதியை வேறு யாராவது எடுத்திருந்தால் அதுவும் ஒருநாள் டப்ளினுக்கு வந்துசேரும், அதற்குள் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். உன் தம்பி எபிநேசர் பதினான்கு நாள் என்னோடு பேசவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், பேசினாலும் அவன் பெரிதாக என்ன பேசிவிடப் போகிறான். ஆனால் இனிமேல் தனுஷை என்னிடம் விடுவதில்லை என்று சொல்லிவிட்டான். யு.கே.ஜி. வாசலில் நின்று பேரனைக் கூப்பிட்டுவரும் வேலை என் கையைவிட்டுப் போய் ஆட்டோ வைத்துவிட்டார்கள். இத்தனை நாளும் மூன்றரை மணி ஆனால் என் கால் தானாக எழுந்து நின்றது, போவதற்குத்தான் இடம் இல்லை.

நடந்தது இதுதான். போன மாதம் எங்கள் தியேட்டரில் ஒரு பெரிய நடிகர் படம் வந்தது, ஏ சர்டிபிகேட். படம் முழுக்க வெட்டும் குத்தும், கொலைகாரன் யார் என்று கடைசிப் பத்து நிமிஷம் வரைக்கும் தெரியாது, அதற்காகத்தான் அவ்வளவு கூட்டம். மேனேஜர் தணிகாசலம் எங்களை வரிசையாக நிற்கவைத்து, பதினெட்டுக்குக் கீழே ஒரு தலை உள்ளே போனாலும் விட்டவன் வெளியே போய்விடலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் சந்தோஷம்தான். இத்தனை வருஷமாகக் கதவில் நிற்கிறேன், பால்புட்டியோடு குழந்தையைத் தூக்கி வந்து இந்த மாதிரிப் படத்துக்கு உட்காருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துப்பாக்கி வெடிக்கும், குழந்தை வீறிடும், தகப்பன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே குழந்தையை அதட்டுவான். அப்படிப்பட்ட நான்தான் படம் வந்த முதல் வாரத்திலேயே, ஒரு புதன்கிழமை, அந்தக் காரியத்தைச் செய்தேன். அன்றைக்கு அம்மா வாலாஜாபாத்தில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எப்போதும் நான் கதவைக் கூட வேலை செய்யும் வீராசாமியிடம் ஒப்படைத்துவிட்டு, சைக்கிளில் போய்ப் பையனைக் கூப்பிட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு, இடைவேளை முடிவதற்குள் திரும்பிவிடுவேன். வீராசாமியும் அன்றைக்குப் பார்த்துப் பல் பிடுங்கப் போய்விட்டான். எபி ஒரகடத்தில் ஷிப்டில், அவன் பெண்டாட்டி அபிநயா பட்டுக்கடையில் முகூர்த்தக் கூட்டத்தில். டிக்கெட் கவுண்டர் பெண்ணைக் கதவில் நிற்கவைத்துவிட்டு ஓடிப்போய்ப் பையனைத் தியேட்டருக்கே கூட்டிவந்தேன். வெளியே உட்காரவைத்தால் மேனேஜர் கண்ணில் படும். அதனால் பால்கனிக் கதவுக்கு உள்ளே, இருட்டில், என் ஸ்டூலிலேயே அவனை மடியில் வைத்துக்கொண்டேன். என் காக்கிச் சட்டை எனக்கு இரண்டு சுற்றுப் பெரிது, யூனிபார்ம் தைத்தவன் அளவே எடுக்கவில்லை. பையனை அதற்குள்ளே விட்டு மேலே பட்டன் போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கோ, தாத்தா சொன்னாத்தான் தொறக்கணும் என்றேன், சரி தாத்தா என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பத்து நிமிஷத்தில் மூச்சு சீராகிவிட்டது. பையன் தூங்கிவிட்டான் என்று பைபிள்மேல் கைவைத்துச் சொல்லியிருப்பேன், நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. போகும்போது ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்து, தியேட்டருக்கு வந்ததை அவன் அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றேன்.

மறுநாள் சாயங்காலம் உன் அம்மா போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வாசற்படியில் தனுஷ் மல்லாந்து கிடக்கிறான், நெஞ்செல்லாம் சிவப்பு, நாக்கு வெளியே தொங்குகிறது. எதிர்வீட்டுச் சாயப்பட்டறையில் பட்டு நனைத்ததுபோக மீதி இருந்த அரக்குச் சாயத்தில் இரண்டு கையையும் முக்கிப் பூசிக்கொண்டு வந்து படுத்திருக்கிறான். அம்மா ஏசப்பா ஏசப்பா என்று தலையில் அடித்துக்கொள்கிறாள், அடுத்த வீட்டுக் காமாட்சியம்மாள் காயம் என்று நினைத்து ஒரு கை மஞ்சள்தூளை அள்ளிவந்து அப்பிவிட்டாள், அரக்கும் மஞ்சளும் சேர்ந்து பையன் முகூர்த்தப் புடவை மாதிரி ஆகிவிட்டான். அப்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து, "தள்ளு ஆயா, நா இன்னும் முழுசா சாவல" என்றான். அபிநயா வந்ததும் எல்லாம் செல்போனால் வந்த வினை என்று முடிவுகட்டி, போனைப் பீரோமேல் எடுத்து வைத்துவிட்டாள். போன் பார்த்துப் பிள்ளைகள் எப்படியெல்லாம் கெட்டுப்போகிறார்கள் என்று நானும் பத்து நிமிஷம் உருக்கமாகப் பேசினேன். நான் பேசி முடிக்கும்வரை தனுஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த ஞாயிறு அமாவாசை. அமாவாசைக்குத் தறி நிற்கும் என்று உனக்குத் தெரியும். அது ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்ததால் தறிக்காரர்கள், கம்பெனிக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு, மொத்தப் பாளையமும் குடும்பத்தோடு மேட்னிக்கு வந்து நின்றது. அன்றைக்கு நான் கேட்ட சாக்குகளை எழுதினால் தனியாக ஒரு நோட்டு வேண்டும். ஒருத்தர் கைக்குழந்தையை நீட்டி, "மூணு வயசு வரிக்கும் டிக்கெட்டே வாணான்னு நீங்கதான போர்டு வெச்சிக்கிறீங்க, டிக்கெட்டே இல்லாதவன் படம் பாக்கறான்னு எப்படிபா சொல்றது" என்றார். இன்னொருத்தர் தெலுங்குக்காரர், "எங்கூட்ல தெலுங்குதாங்க பேசறது, படம் தமிழு, பையனுக்கு ஒரு வார்த்த புரியாது" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பையன் சுத்தமான தமிழில் என்னிடம் பாப்கார்ன் எங்கே விற்கிறது என்று கேட்டான். ஒரு பொடியனுக்கு வேட்டி கட்டிக் கண்மையால் மீசை வரைந்து கூட்டிவந்து, வயசு பத்தொன்பது, வளர்த்திதான் கம்மி என்றார்கள். ஒரு அம்மா சண்டை போடவில்லை, "ரத்தம் வந்தா நா கண்ணப் பொத்திக்கிறேன்பா, எனுக்கு ரெண்டு கை இருக்குதில்ல" என்று நியாயமாகத்தான் கேட்டாள், ஆனால் அவளுக்கு மூன்று பிள்ளைகள். நான் யாரையும் விடவில்லை. கூட்டம் கத்தக் கத்த எனக்கும் உற்சாகம் ஏறி, "எம் சொந்தப் பேரனே வந்தாலும் உள்ள வுடமாட்டேன்" என்று கையை நீட்டிக் கத்தினேன். பிள்ளைகளைக் கூட்டிவராதவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். நீ பார்த்தது இதுவரைக்கும்தான்.

கை தட்டல் அடங்குவதற்குள் எபி வரிசையைத் தாண்டி நேராக என் முன்னால் வந்து நின்றான், பின்னாலேயே அபிநயாவும் தனுஷும். அப்பா கேட்டில் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று பெண்டாட்டியிடம் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறான். "அப்பா, நம்ம தனுஷ்பா" என்றான். நம்ம தனுஷுக்கும் இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்றேன். "வெளாடாதீங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று பல்லைக் கடித்தான். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றதும்தான் எனக்குப் புத்தி கெட்டது. "பச்சக் கொழந்தைக்கு ரத்தத்தக் காட்ட இட்டுக்கினு வந்துட்டியே, நீயெல்லாம் ஒரு தகப்பனா" என்று ஊரே கேட்கும்படி கேட்டேன் மகளே. எபி முகம் சுண்டிப்போய்விட்டது. தகப்பனுக்குத் திட்டு விழுவதைப் பார்த்து தனுஷ் அவன் கையைப் பிடித்து இழுத்து ஆறுதல் சொன்னான். "வுடுப்பா, படம் நல்லால்ல. நா தாத்தா சட்டைக்குள்ள இருந்து பாத்துட்டேன், பட்டன் சந்துல நல்லா தெரிஞ்சுது. கண்ணாடி போட்ட டாக்டருதான் எல்லாரையும் கொன்னவரு." அப்புறம் கிளம்பிய கூச்சலில் பாதி என்னைத் திட்டியது, பாதி கொலைகாரன் பெயரை வெளியே விட்டதற்காகப் பையனைத் திட்டியது. அந்தத் தெலுங்குக்காரர் நிதானமாக, "எம் பையனையும் சட்டைக்குள்ள போட்டுக்கினு வந்தா வுடுவியா" என்று கேட்டார். அபிநயா என்னைப் பார்த்து, "அப்ப அந்தச் சாயம்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எபி ஒன்றுமே கத்தவில்லை. "இனிமே பையன உங்ககிட்ட வுடமாட்டேன்பா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தணிகாசலம் நல்ல மனுஷன், வேலையைவிட்டு அனுப்பவில்லை, ஒரு மாதத்துக்கு என்னை பைக் ஸ்டாண்டுக்கு மாற்றிவிட்டார். இதையும் இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வெட்கத்தைவிடப் பையன் இல்லாததுதான் என்னைத் தின்றது. அவனை ஏற்றாமல் சைக்கிளை மிதித்தால் பின்னால் யாரோ இறங்கிவிட்டாற்போல் இருந்தது, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். இந்த நிலைமையில்தான் நேற்று சபையில் போதகர், அவரும் அந்தப் பாதி வீடியோவைப் பார்த்திருக்கிறார், பிள்ளைகளைக் காக்க நின்ற சகோதரர் என்று சொல்லி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். சபை முழுக்கக் கை தட்டியது, எபி மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் போதகர் அல்லேலூயா சொல்லிப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன், தனுஷ் தன் அம்மா கையை உதறிவிட்டு என்னிடம் ஓடிவந்தான். தாத்தா எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது, "தாத்தா, அந்தப் பையன ஸ்கூல்ல இருந்து யாரு இட்டுக்கினு போனாங்க?" எனக்கு முதலில் புரியவில்லை. அந்தப் படத்தில் ஒருத்தன் தன் மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடப் போகும் வழியில் அவனை வெட்டிப்போட்டுவிடுவார்கள், மகன் பையை மாட்டிக்கொண்டு கேட்டிலேயே நிற்பான், அதோடு காட்சி மாறிவிடும். நான் அதை இருபது தடவை பார்த்திருக்கிறேன் ஷாரோன், ஒரு தடவைகூட அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான் என்று எனக்குத் தோன்றவில்லை. இவன் இத்தனை நாளாக அவனோடு அந்த கேட்டிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறான். தினமும் ஆட்டோ வரும்வரை ஸ்கூல் வாசலில் அழுகிறான் என்று டீச்சர் சொன்னதாக அபிநயா அப்போதுதான் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. "அவங்க தாத்தா போய் இட்டுக்கினு வந்துட்டாருபா" என்றேன். "படத்துல காட்டலியே" என்றான். "நீ சட்டைக்குள்ள இருந்தல்ல, பட்டன் மறைச்சிருக்கும்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் சரி என்று பெருமூச்சு விட்டான். எபி பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "எந் தப்புதான்டா எபி, உன்ன அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்கூட்டர் சாவியையே பார்த்துக்கொண்டு, "நாளைக்கு மூணே முக்காலுக்கு வுடுவாங்க. நேரா வூட்டுக்குத்தான் இட்டுக்கினு போவணும்" என்றான்.

அவன் சொன்ன நாளைக்கு என்பது இன்றைக்குத்தான். மணி மூன்று இருபது ஆகிறது, வீராசாமி ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான், முடித்துவிட்டுக் கிளம்பவேண்டும். உன் நர்சுகளிடம் மீதிப் பாதியையும் சொல்லிவிடு, அந்த டாக்டரம்மாவிடம் கொலைகாரன் டாக்டர் என்பதை மட்டும் சொல்லாதே. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் நோயில்லாமல், வேலையில் குறையில்லாமல் வைத்துக் காப்பாராக. குட்டிக்கு என் முத்தம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். போன வாரம் போனில் நீயும் மாப்பிள்ளையும் ஏதோ கொலைத் தொடர் பார்ப்பதாகச் சொன்னாய், குட்டி எங்கே என்று கேட்டதற்கு மடியில் போர்வைக்குள் தூங்குகிறாள் அப்பா என்றாய். முதலில் போர்வையை விலக்கிப் பார்.

ஆசீர்வாதங்களுடன் உன் அப்பா,
பா. கிறிஸ்டோபர்
(தற்சமயம் பைக் ஸ்டாண்ட்)