கழன்று விழுந்த சக்கரம்

வில்கா டவுன்ஸ் பண்ணை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரோரிக்கு,

நலமா? விடுதிக்கு எத்தனை முறை கூப்பிட்டாலும் நீ விளையாடப் போயிருப்பதாகவே சொல்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். அன்று உன் தங்கை ஹெட்டி போனில் உன்னிடம் அவசரத்தில் பாதிதான் சொல்லியிருக்கிறாள். மீதியை என்னிடம் கேள்.

செவ்வாய்க்கிழமை காலை, வடக்குத் தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க அப்பா விமானத்தை எடுத்தார். நீ பள்ளிக்குத் திரும்பியபின் ஓடுபாதையிலிருந்து கங்காருக்களை விரட்டுவது ஹெட்டியின் வேலை. விரட்டிவிட்டு ஜீப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் தரையை விட்டு எழுந்ததும் ஏதோ ஒன்று கழன்று விழுந்து புல்லுக்குள் உருண்டு போயிற்று. ஓடிப் போய்ப் பார்த்தவள் ரேடியோவை எடுத்தாள். அடுப்படியில் இருந்த ரேடியோவில் எனக்கும் கேட்டது.

"அப்பா, ஒரு சக்கரம் கீழ கெடக்கு."

"யாரோட சக்கரம்டி?"

"உங்களோடதுதான்ப்பா. இடது பக்கம்."

விமானம் வீட்டுக்கு மேல் ஒரு சுற்று வரும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அதைப் பத்திரமா எடுத்து வை. புதுசு வாங்கினா உங்கம்மா திட்டுவா" என்றார். அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மாவு ஒட்டிய கையோடு ஓடினேன்.

அவள் பார்க்காமல் இருந்திருந்தால், வடக்குத் தொட்டியருகே ஆளில்லாத இடத்தில் எதுவும் தெரியாமல் இறங்கியிருப்பார்.

எரிபொருள் குறையட்டும் என்று நம் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தார். விமானத்தில் வரும் பறக்கும் மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டேன். வந்து சேர நேரமாகும் என்றார்கள். ஹெட்டி ஜீப்பின் கூரை மேல் ஏறி நின்றாள். அப்பா தாழப் பறந்து போனபோது பார்த்து, சக்கரம் இருந்த இடத்தில் பிரேக் மட்டும் குழாயில் தொங்குகிறது, வலது சக்கரம் சரியாக இருக்கிறது என்று சொன்னாள்.

வழக்கம்போல கொட்டகைப் பக்கமிருந்து இறங்கப் போவதாக அப்பா சொன்னார். உடனே இவள் கத்தினாள். "வேண்டாம்ப்பா! அந்தப் பக்கம் இடது ஓரம் இன்னும் சேறு. காலையில என் பூட்ஸே மாட்டிக்கிச்சு. சக்கரம் இல்லாத கால் அங்க குத்துச்சுன்னா கவுந்துடுவீங்க."

"எதிர்ப்பக்கம் வந்தா காத்து முதுகுல அடிக்குமேடி, சட்டுன்னு நிக்காது."

"அடிச்சா அடிக்கட்டும். எதிர்ப்பக்கமா வாங்க, சேறு நல்ல சக்கரத்துப் பக்கம் போயிடும்."

பதினொரு வயசுப் பிள்ளை, ரோரி. உன் அப்பா மறுபேச்சு பேசாமல் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்.

ஒற்றைச் சக்கரத்தில் ஓடி வந்தார். இடது இறக்கையை எவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உலோகம் தரையில் கிழிபடும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் புழுதி தவிர ஒன்றுமில்லை. கிட்டே வரக்கூடாது என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், இவள் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு அந்தப் புழுதிக்குள் ஓடிவிட்டாள்.

தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. வேறொன்றுமில்லை. "என்ன ஹெட்டி, இறங்கினது எப்படி?" என்று அவர் கேட்டபிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள். அன்று முழுக்க நிறுத்தவில்லை.

இனி, நீ நினைத்துக்கொண்டிருப்பதற்கு வருகிறேன். ஆமாம், விடுமுறையில் நீ டயர் மாற்றியபோது அச்சு நட்டு கழலாமல் குத்தி வைக்கும் பின்னைப் போடவில்லை. அது கொட்டகை மேசையில்தான் இருந்தது. பார்த்தோம். மறைக்க மாட்டேன். ஆனால் விபத்தை விசாரிக்க வந்த அதிகாரியிடம் அப்பா சொன்னதையும் கேள். "பையன் நட்டை முடுக்கினான். பார்த்துட்டு ஏற வேண்டியவன் நான். பார்க்காம ஏறிட்டேன். என் பேரை எழுதுங்க." இரண்டு தடவை சொன்னார். அந்த அதிகாரி எழுதும்வரை விடவில்லை.

இரவில் அப்பாவுக்குத் தூக்கமில்லை. வலி என்கிறார். வலி மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை தோளைக் காட்ட, நீ படிக்கும் டூவூம்பாவுக்கே வருகிறோம். மதியம் உன் பள்ளி வாசலில் நிற்போம். அடிபட்ட இறக்கையைப் பிரித்து மாட்ட இரண்டு நல்ல கை வேண்டுமாம், அடுத்த விடுமுறைக்கு உன்னைக் கேட்கவேண்டுமாம். மன்னிப்பு, அது இது என்று அவருக்குப் பேச வராது. உனக்கும் வராது. ஒன்றும் பேச வேண்டாம்.

வெளியே மட்டும் வந்துவிடு, கண்ணே. அவரை வாசலில் நிற்க வைத்துவிடாதே. கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

என்றும் உன்,
அம்மா மார்னி