வீட்டில் எத்தனை பேர்

8 பிப்ரவரி 1999

ஊரார் தலையெல்லாம் எண்ணுகிற ஐயாவுக்கு, உங்கள் தையல்காரி எழுதுவது.

நான் நலம், தையல் மெஷினும் நலம். கட்டிக்கொடுத்த மகளும் போனில் நலம். நீங்கள் நலமா என்று உங்கள் ஆபீஸ் பியூனைக் கேட்டால்தான் தெரியும் போல.

ஒரு கூத்து கேளுங்கள். ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நாடு முழுக்க நீங்கள் எடுக்கிற சர்வேயில், குலுக்கலில் நம்ம வீடே விழுந்திருக்கிறது! நேற்று ஒரு பெண் ஃபாரத்தோடு வந்தாள். நீங்கள் யாரென்று நான் மூச்சுவிடவில்லை.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"ரெண்டு. நானும் எங்க வீட்டுக்காரரும்."

"அவர் போன வருஷம் இங்க எத்தனை ராத்திரி தங்கினார்?"

எண்ணிப் பார்த்து, "நாப்பத்தொண்ணு" என்றேன்.

"ஆறு மாசத்துக்குக் குறைஞ்சா சேர்க்கக் கூடாதும்மா" என்று உங்களைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். "கொஞ்சம் விட்டுடேன்மா" என்று கெஞ்சினேன். "ஐயோ, எங்க டைரக்டர் சார் தொலைச்சிடுவார்!"

அந்த சாரிடம் சிபாரிசுக்கு ஆள் கிடைத்தால் சொல்லுங்கள்.

அடிபட்டவரின் மனைவி,
தையல்காரி

2 மார்ச் 1999

அன்புள்ள தையல்காரிக்கு,

படித்துச் சிரித்தேன். அந்தப் பெண் செய்தது சரி. விதியை எழுதியவனே நான்தான். அவரவர் ஆசைப்பட்டவரையெல்லாம் சேர்த்துக்கொண்டால், குடும்பங்கள் சுருங்குவது யாருக்கும் தெரியாமலே போய்விடும். தனியாக வாழும் பெண்கள் இருபது வருடத்தில் இரட்டிப்பாகியிருக்கிறார்கள். இதைப் பற்றித்தான் இப்போது புத்தகம் எழுதுகிறேன்.

குலுக்கலில் விழுந்த வீட்டுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார்கள். அடுத்த தடவைக்குள் நான் அங்கே இருப்பேன்.

அன்புடன்,
உன் கணவன்

11 பிப்ரவரி 2002

பெரிய புத்தகம் போட்ட ஐயாவுக்கு,

அதே பெண் வந்தாள். இந்தத் தடவை எண்ணுவது சுலபம்: பத்தொன்பது ராத்திரி. கைவிரல், கால்விரல் விட்டு எண்ணினாலே ஒரு விரல் மிச்சம்.

"அவரோட சட்டை ஆணியில தொங்குது, செருப்பு வாசல்ல கிடக்குது, பாரு" என்றேன். "சட்டைக்கெல்லாம் கட்டம் இல்லம்மா" என்றாள். பொல்லாதவள்.

உங்கள் புத்தகத்தை மகள் படித்துக் காட்டினாள். தனியாக இருக்கும் பெண்கள் இத்தனை லட்சம் என்று போட்டிருக்கிறீர்களே, அதில் ஒருத்தி நான்தானே? எந்த ஒருத்தி என்று ஒரு புள்ளியாவது வைத்திருக்கலாம்.

பழைய அளவில் புதுச் சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். கழுத்து பிடிக்கிறதா என்று எழுதுங்கள்.

தையல்காரி

20 ஜனவரி 2005

அன்புள்ள தையல்காரிக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று வருடமாகப் பதில் போடவில்லை. மன்னித்துக்கொள். சட்டை சரியாக இருந்தது.

மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். மார்ச்சில் வந்துவிடுகிறேன், இனி ஒரேயடியாக. சர்வேக்குப் பிப்ரவரியில் வருவார்கள். இரண்டு பேர் என்று சொல். யாரும் அடிக்க மாட்டார்கள். நானே சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் கணவன்

17 பிப்ரவரி 2005

ஐயாவுக்கு,

வந்தாள். கேள்விகூடக் கேட்கவில்லை. "சாரோட வீடாம்மா இது! ரெண்டுன்னு போடச் சொல்லியிருக்கார்" என்றாள்.

"ஒண்ணுன்னு போடும்மா."

"சார்தான் வரப்போறாரே?"

"வரட்டும். நீ ஒண்ணு போடு."

எனக்காக நீங்கள் விதியை வளைத்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை காலமும் கட்டிலில் இரண்டு தலையணை போட்டுத்தான் படுத்தேன். போன மழைக்காலத்தில் ஒன்றை எடுத்து, மெஷின் ஸ்டூலுக்கு மெத்தையாகத் தைத்துவிட்டேன். இடுப்புவலி போய்விட்டது. கட்டிலிலும் நடுவில் படுக்கப் பழகிவிட்டேன்.

ஒன்று என்று சொல்லும்போது குரல் தடுமாறும் என்று நினைத்தேன். தடுமாறவில்லை. அவள் போன பிறகு அதை நினைத்துத்தான் அழுதேன்.

ஃபாரத்தில் கீழே இன்னொரு கட்டம் இருக்கிறதாம், விருந்தாளிக்கும் அவர் தங்கும் நாளுக்கும். அதுவும் நீங்கள் போட்டதுதானாம். வாருங்கள். எத்தனை நாள் என்று மட்டும் முன்னாலேயே எழுதிவிடுங்கள். அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாதாமே.

தையல்காரி