முதல் மாடிக்குப் பதினான்கு முறை

செங்காட்டுமேடு
2.2.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

நலம். உன் நலம் எப்படி? பாண்டியன் அண்ணனுக்கு அம்பத்தூரில் வேறு கம்பெனி ஏதாவது அமைந்ததா? அபிஷேக் பத்தாம் வகுப்புக்குப் படிக்கிறானா, இல்லை போனைத்தான் படிக்கிறானா?

வீட்டு வரி என் பெயருக்கு மாறிய தாள் நேற்று கிடைத்தது. கரையான்சாவடியில் தம்பி ஜுல்ஃபிகரின் பஞ்சர் கடையில் நீ கொடுத்துவிட்டுப் போன கவரை என்னிடம் நீட்டி, “இந்தாக்கா, ஊர்ல எல்லாரும் ஆபீசுக்குப் போறான், ஒனக்கு மட்டும் ஆபீசு ஊட்டுக்கே வந்துகினு கீது” என்றான். சிரித்துவிட்டேன். ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

போனில் சொல்லலாம் என்றால் நீ எப்போதும் பஸ்ஸில் இருக்கிறாய். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நோட்டுக்குள் சீட்டு வைத்த பழக்கம்தான் நமக்கு ஒத்துவரும்.

உஸ்மான் கனி என்னைத் தனியாக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. உடம்பு நன்றாக இருந்தவரை என்னைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கிக்கொண்டு உங்கள் பேரூராட்சி அலுவலகத்தின் இருபத்தொரு படியையும் ஏறுவார். மேலே போனதும் மூச்சு வாங்கிக்கொண்டே, “மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க மேடம்” என்பார். ஆட்டோக்காரர் புத்தி. மூன்று வருஷத்துக்கு முன் நெஞ்சு வலி வந்து டாக்டர் பளு தூக்கக் கூடாது என்றார். அன்றிலிருந்து எனக்கு வேண்டிய எல்லாத் தாளும் உன் கையால்தான் வருகிறது. என் ஆதார் நகலை அனுப்பினால் போதும், மற்றதை நீ பார்த்துக்கொள்வாய். நன்றி கெட்டவள் இல்லையடி நான். ஆனால் நாற்பத்திரண்டு வயதில் ஒரு வரி ரசீதுகூட நானே போய் வாங்காதவளாக இருப்பது கசக்கிறது.

சர்க்கரையில் கால் எடுத்த ஏகாம்பரம் அண்ணன் உங்கள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, ஏறுகிறவர்களிடம் எல்லாம் தன் மனுவை நீட்டுகிறாராம். அவருக்குப் பிரியா இல்லை பார். கீழே கொசு மருந்து மிஷினும் உடைந்த தெருவிளக்கும் கிடக்கும் அறையைக் காலி செய்து கவுண்டரை அங்கே கொண்டுவந்தால் என்ன? கட்டடப் பராமரிப்பு வேலைப் பட்டியல் மார்ச்சோடு முடிகிறது என்று நீதானே சொன்னாய். நானே மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன்னிடம் கொடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

என்றும் அன்புடன்
ஜுலைகா


சேக்காடு
9.2.2025

என் ஜுலைகாவுக்கு,

கோபம்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பியிருக்கலாம்.

உனக்கு என்ன குறை வைத்தேன்? மழையில் நனைந்துகொண்டு பூந்தமல்லி பஸ்ஸை விட்டுவிட்டு உன் தாளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். கணக்குக் காட்டவில்லை, மனசு தாங்காமல் சொல்கிறேன். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை உனக்குப் படி ஏறும் வேலையே இல்லை. ஏகாம்பரம் அண்ணன் தாளையும் நானே வாங்கிப் போகிறேன், போதுமா?

செயல் அலுவலர் உலகநாதன் சார் கெட்டவர் இல்லை, ஆனால் எதற்கும் பதிவேட்டைத்தான் எடுக்கச் சொல்வார். மனுவென்று வந்தால் தோண்டுவார். முடிந்தால் திரும்ப வாங்கிக்கொள்.

என் வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை அமையவில்லை. இப்போதைக்கு வீட்டில் சம்பளக்காரி நான் ஒருத்திதான். அபிஷேக் போனைத்தான் படிக்கிறான்.

நோன்பு வருகிறதே, உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் தண்ணீரில் விடிகாலைச் சஹரை முடிக்காதே.

உன்
கிருஷ்ணப்பிரியா


செங்காட்டுமேடு
6.3.2025

பிரியா,

பதில் வந்துவிட்டது. உனக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன்:

“மனுதாரர் கடந்த மூன்று ஆண்டுகளில் பதினான்கு முறை முதல் தளத்திலுள்ள இவ்வலுவலகத்துக்கு நேரில் வருகை தந்து, கையொப்பமிட்டு, சேவைகளைப் பெற்றுள்ளது பதிவேட்டின்படி தெரியவருகிறது. எனவே கோரிக்கைக்கு அவசியம் எழவில்லை.”

மூன்று தடவை படித்தேன். ஜுல்ஃபிகரையும் படிக்கச் சொன்னேன். “இன்னாக்கா இது, நீ எப்போ நடந்த?” என்று கேட்டான்.

பதினான்கு முறை நடந்தது யார் பிரியா?

ஜுலைகா


சேக்காடு
10.3.2025

ஜுலைகா,

நான்தான்.

ரசீது பதிவேட்டில் “நேரில் பெற்றுக்கொண்டேன்” என்ற இடத்தில் சம்பந்தப்பட்டவர் கையெழுத்து இருக்க வேண்டும். முதல் தடவை உன்னிடம் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்றுதான் நினைத்தேன், அதை வெளியே எடுத்துப் போகக் கூடாது. உன் தாளும் அவசரம். நோட்டில் ஆயிரம் தடவை பார்த்த கையெழுத்துதானே என்று போட்டுவிட்டேன். இரண்டாம் தடவை யோசிக்கவே இல்லை. சத்தியமாக அதைத் தப்பு என்று நினைக்கவில்லை, என் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவது போலத்தான் போட்டேன். உன்னைக் கீழே காக்க வைக்காமல் இருப்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இப்படி உன் தலையில் விடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது உண்மையைச் சொன்னால் முதலில் சஸ்பெண்டு, அப்புறம் போலீஸ். என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள், இந்த வருஷம் விட்டுவிடு. அடுத்த வருஷப் பட்டியலில் எப்படியாவது சேர்க்க வைக்கிறேன்.

அழுதுகொண்டே எழுதுகிறேன், கோழி கிண்டியது போல இருக்கும். மன்னித்துக்கொள்.

பிரியா


செங்காட்டுமேடு
15.3.2025

அன்புள்ள பிரியா,

நாலு நாளாகக் கோபமாக எழுதி எழுதிக் கிழித்தேன். உன்னைத் திட்டப் போனால் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. மூன்று வருஷம் தாள் வந்துகொண்டே இருந்ததே, யார் கையெழுத்து என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா?

அதனால் இப்படிச் செய்வோம். 24ஆம் தேதி திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். நான் வருகிறேன். நான் கெஞ்சிக் கேட்டதால்தான் நீ போட்டாய் என்று நானே சொல்கிறேன். படி ஏற முடியாத ஒருத்திக்காகப் போட்டாய் என்பது வெளியே வந்தால், தப்பு உன் மேலா, படியின் மேலா என்று அவர்களும் யோசிப்பார்கள். நீ பக்கத்தில் நின்று “ஆமாம் சார்” என்று சொன்னால் போதும். சொல்வாயா என்று மட்டும் எழுது. நீ ஒத்துக்கொள்ளாமல் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

காத்திருக்கிறேன்.

ஜுலைகா


செங்காட்டுமேடு
26.3.2025

பிரியா,

நீ பதில் எழுதவில்லை. மனசுக்குள் ஒத்துக்கொண்டிருப்பாய் என்று நானாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜுல்ஃபிகர் தூக்குகிறேன் என்றான். தம்பி தோளில் ஏறி ஊரார் பார்க்கப் போக மாட்டேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். முதுகை மேலே திருப்பி, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக. நோன்பு வேறு, நாக்கு ஒட்டிக்கொண்டது. இறங்கி வந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கி, என்னைப் பார்க்காதது போலப் போனார்கள். பத்தாவது படியில் தலையைத் திருப்பினேன். உன் நீலப் புடவை மேலே நின்றது. ஓடி வருவாய் என்று நினைத்தேன். நீ உள்ளே போய்விட்டாய்.

மேலே தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு உலகநாதன் சார் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், நோன்பு என்றேன். உங்கள் ஆபீஸ் கிளார்க் விக்ரம் பதிவேட்டைக் கொண்டுவந்து, “மனுவில் ஒரு கையெழுத்து இருக்கு, இதில் வேற கையெழுத்து இருக்கு சார்” என்று என் முன்னால் விரித்தான்.

அவன் விரித்த பக்கம் உஸ்மான் கனியின் இறப்புச் சான்றிதழ் பக்கம். பெற்றுக்கொண்டவர், மனைவி, ஜுலைகா. அவர் போன எட்டாம் நாள் தேதி. நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் இத்தா இருந்தவள் நான் பிரியா. ஜன்னலைக்கூடச் சாத்திக்கொண்டு கிடந்தேன். அந்த நாளில் நான் புறப்பட்டு, மாடி ஏறி, என் புருஷன் செத்ததற்குத் தாள் வாங்கிக்கொண்டு போனதாக அரசாங்கப் புத்தகத்தில் இருக்கிறது. அழகான கையெழுத்து. என்னுடையது அவ்வளவு நன்றாக வராது.

சார் உன்னைக் கூப்பிட்டார். “உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானேம்மா, இதில் எது இவங்க கையெழுத்து?” என்று கேட்டார்.

நான் உன் முகத்தையே பார்த்தேன். நீ பதிவேட்டைப் பார்த்துச் சொன்னாய்: “பழசுதான் சார்.”

என்னை யாரென்று தெரியாது என்று நீ சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சார் என் பக்கம் திரும்பி, “அப்போ மனுவில் போட்டது யாரும்மா?” என்றார். பொய்க் கையெழுத்து என்று என் மேல் வரப் பார்த்தது. ஒரு வார்த்தை போதும், உன் வேலை போயிருக்கும். வாய் வரை வந்தது. உன் கை புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கியதைப் பார்த்தேன்.

“ரெண்டும் என்னோடதுதான் சார். பழசு நல்லா இருந்தப்போ போட்டது. இப்போ கை நடுங்குது” என்று சொன்னேன்.

அவர் நிம்மதியாகச் சிரித்தார். “அதான் இன்னைக்கும் ஏறி வந்துட்டீங்களேம்மா. கொஞ்சம் கஷ்டம்தான், இல்லைன்னு சொல்லலை” என்று மனுவை முடித்துவைத்ததாக எழுதிவிட்டார்.

இறங்கி வந்தபோது கீழ்ப்படியில் ஏகாம்பரம் அண்ணன். “இன்னாம்மா, ஒத்துக்கினாங்களா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். “போவுது, நீயாவது கேட்ட” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே ஒத்துக்கொண்டு வந்தவள் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் வேலை உனக்கு இருக்கிறது. அதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம், அபிஷேக் நன்றாகப் படிக்கட்டும். ஆனால் உன்னோடு சிநேகமாக இருக்க இனி தினமும் ஏகாம்பரம் அண்ணனிடம் பொய் சொல்ல வேண்டும். என்னால் ஆகாது. அடுத்த மாதக் குறைதீர்க்கும் நாளுக்கும் வருவேன், அவரையும் கூட்டிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறுவோம். அப்போது எங்களை யாரென்று கேட்டால், தெரியாது என்றே சொல்லிவிடு பிரியா. அது உண்மையாக இருக்கட்டும்.

ஜுலைகா