சத்திரத்துச் சுவரில் உன் கோடு

இன்று சாயங்காலம் பாப்பாவுக்கு உரை மருந்து இழைத்துக்கொண்டிருந்தேன். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் முடிந்து, கடைசியாகக் கடுக்காயைக் கல்லில் வைத்து இரண்டு இழை இழைத்ததும் நீ வந்துவிட்டாய். பிள்ளை பெற்ற வீட்டில் அந்த வாசனைக்குக் குழந்தை ஞாபகம்தான் வர வேண்டும். எனக்கு ஈரச் சுண்ணாம்பு ஞாபகம் வருகிறது. சுண்ணாம்புக் காரையில் கலப்பதற்காகத் தொட்டியில் கருப்பட்டியோடு ஊறிப் புளித்த கடுக்காய்த் தண்ணீரும், அதற்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த நீயும். "மோந்து பாரு புள்ள, காரைத் தண்ணியா கள்ளுக்கடையான்னு சொல்லு" என்று கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். நான் ஓடிப்போய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன்.

பாப்பா தூங்கிவிட்டாள். வீட்டுக்காரரும் தூங்கிவிட்டார். உனக்குச் சத்திரத்துக் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு வாரமாக மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். எழுதினால்தான் தீரும் போலிருக்கிறது. எந்தக் கதை ஆரம்பித்தாலும் "கடைசியில என்ன ஆச்சு, அதைச் சொல்லு" என்று பறக்கிற ஆள் நீ. இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள். முதலிலிருந்துதான் சொல்வேன்.

சேந்தமங்கலம் போகிற சாலையில், கொல்லிமலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோலத் தெரியுமே, அந்தத் திருப்பத்தில் சத்திரம். மலைச் சந்தைக்குப் போன வண்டிக்காரர்கள் தங்கிய இடம் என்பார்கள். நாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாய் பஸ்ஸில் போகும்போது கூரையில் அரசங்கன்று முளைத்து, உள்ளே ஒரே இருட்டாய்க் கிடக்கும். நீ ஆர்க்கிடெக்ட் படிப்பை முடித்து, சென்னையில் ஒரு ஆபீஸில் சேர்ந்து, அந்த ஆபீஸ் எடுத்த வேலைக்காகவே நம் ஊர்ப்பக்கம் திரும்பி வந்தாய். "பேய் பங்களான்னு சொல்லுவியே, இப்ப அந்தப் பேயே நான்தான்" என்று போனில் சிரித்தாய்.

நான் பார்க்க வந்தபோது எனக்கு மூன்றாம் மாதம். தலைசுற்றல் ஒரு பங்கு, பயம் மூன்று பங்கு. காரைச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உன் துப்பட்டாவை விரித்து உட்கார வைத்தாய். முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் கோடுதான். பழைய காரைக்கும் நீங்கள் பூசிய புதுக் காரைக்கும் நடுவே, சுண்டுவிரல் நகம் நுழைகிற அளவுக்குப் பள்ளமாய், ஓடை மாதிரி வளைந்து வளைந்து சுவர் முழுக்கப் போயிற்று. "ஐயோ, பூசின உடனே விரிசல் விட்டிருச்சே" என்றேன். நீ கோபப்படவில்லை. என் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்து மெல்ல ஓட்டினாய்.

"இந்தப் பக்கம் அவிங்க. அந்தப் பக்கம் நாம. நடுவுல ஒரு மரியாதை."

புதுப் பூச்சைப் பழசு மாதிரி பூசி ஏமாற்றிவிட்டால் நாளைக்கு வருகிறவர்களுக்கு எது யாருடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாய். புதுசு புதுசாகவே இருக்கட்டும், பழசோடு சண்டை போடாமல் பக்கத்தில் நின்றால் போதும் என்றாய். எனக்கு அன்று பாதிதான் புரிந்தது.

வடக்குச் சுவரில் நிஜமாகவே ஒரு விரிசல் இருந்தது. அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரண்டு முனையிலும் காரை அப்பியிருந்தாய். சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் கண்ணாடி படக்கென்று உடைந்துவிடும். உடையாவிட்டால் அது எப்போதோ விட்டு எப்போதோ நின்றுபோன விரிசல், அதைப் போட்டு நோண்டக் கூடாது என்று விளக்கினாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டணும் புள்ள. நீ பயப்படறதுல பாதி எப்பவோ நின்னு போனது" என்றாய்.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது நீ போனாய். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சேதி வந்ததும் செருப்பை மாட்டிவிட்டேன். அத்தை வாசலை மறித்து நின்றார். வயிற்றுப் பிள்ளைக்காரி இழவு வீட்டுக்குப் போகக் கூடாது என்றார். என் அம்மாவும் போனில் அழுதுகொண்டே அதையேதான் சொன்னாள். நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் என்ன தூரம்? பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது. நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்கவில்லை. உனக்கு ஒரு மாலை போடவில்லை. அழுதால் குழந்தைக்கு ஆகாது என்றார்கள், அதையும் விழுங்கிக்கொண்டேன்.

பாப்பா தவழ ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள் அவர் அழைப்பிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார். சத்திரம் படிப்பகமாகத் திறக்கப் போகிறதாம். சத்திரத்து டிரஸ்டி வேறு யாருமில்லை, அவர் கணக்கு எழுதுகிற லாரி ஆபீஸின் முதலாளிதான். உபயம் செய்தவர்கள் பெயரெல்லாம் வரிசையாக இருந்தது. இதே பெயர்களைக் கல்லிலும் வெட்டி வாசலில் பதிக்கப் போகிறார்கள் என்றார். உன் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன். "வேலையெல்லாம் காண்ட்ராக்டர் மூளைன்னு முதலாளி பெருமையாச் சொல்றாரு" என்று அவர் வேறு சொன்னார். சோறு இறங்கவில்லை. மாலை போட முடியாமல் போனது போகட்டும், அந்தக் கல்லில் உன் பெயர் இல்லாமல் திறக்க விடமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்த உடனே பயமாகவும் இருந்தது. அவருடைய முதலாளி ஆயிற்றே.

எம்.ஏ. வரலாறு படித்தவள் என்பது கல்யாணத்துக்குப் பிறகு எனக்கே மறந்திருந்தது. அதைத் தூசு தட்டி எடுத்தேன். உன் ஆபீஸுக்குப் போன் செய்தேன். வரைபடங்களை அனுப்பினார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் தாளுக்குத் தாள் மூலையில் ஆபீஸின் பெயர்தான். தனி ஆள் பெயர் போடுகிற வழக்கம் கிடையாது மேடம் என்றார்கள். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அந்த வரைபடங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காகிதத்தில் நீ இல்லை. அப்படியானால் சுவரில் இருப்பாய் என்று தோன்றியது.

சத்திரத்துக்குப் போகிற வழியெல்லாம் அவர், "முதலாளிகிட்ட ஏடாகூடமா எதுவும் பேசிராத" என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினார். நான் பாப்பாவின் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டே போனேன்.

அங்கே ஏற்கனவே ஒரு ரகளை நடந்துகொண்டிருந்தது. டிரஸ்டி கோட்டைப் பார்த்துவிட்டார். திறப்பு விழாவுக்கு முன்னாலேயே கட்டடம் பூரா விரிசலா என்று காண்ட்ராக்டரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். சிமெண்டைக் குழைத்து ராத்திரிக்குள் அடைத்துவிட வேண்டும் என்றார். காண்ட்ராக்டர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"விரிசல் இல்லீங்கய்யா, கோடுங்க. அந்தக் கோடு நம்ம வேலையே இல்லீங்க. அந்த ஆர்க்கிடெக்ட் புள்ள பக்கத்துலயே நின்னு போட வெச்சது. வேண்டாங் கண்ணு, பாக்கறவங்க சிரிப்பாங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கலீங்க."

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே நடுங்குகிறவள் நான். என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"கோடு அவ போட்டதுன்னா, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறதெல்லாம் யாரு சொல்லிச் செஞ்சதுங்க?"

டிரஸ்டி திரும்பினார். யாரு அம்மணி நீங்க என்றார். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். விரலைக் கோட்டில் வைத்து, நீ சொன்ன மூன்று வாக்கியத்தையும் அப்படியே சொன்னேன். பெரியவர் சுவருக்கு அருகே வந்தார். பிறகு மோதிர விரலைப் பள்ளத்தில் வைத்து ஓட்டியபடி நடக்க ஆரம்பித்தார்.

நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். டிரஸ்டி முன்னால், நான் பின்னால், என் இடுப்பில் பாப்பா, அவளுக்குப் பின்னால் காண்ட்ராக்டர், கடைசியில் என் வீட்டுக்காரர். கோடு எங்களை இழுத்துக்கொண்டு போயிற்று. தாழ்வாரத்தைச் சுற்றி, தூணைச் சுற்றி, படியேறி, கூரை வரைக்கும். உத்தரத்து மரத்தில்கூடக் கோடு. நுனி உளுத்துப்போன உத்தரத்தை முழுசாகக் கழற்றாமல், கெட்ட முனையை மட்டும் அறுத்துவிட்டுப் புது மரம் சேர்த்திருந்தாய், சேர்த்த இடம் தெரிகிற மாதிரி. காண்ட்ராக்டர் தன்மேல் பழி வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு இடத்திலும் முறையிட்டுக்கொண்டே வந்தார். உத்தரத்தை மாற்றிவிடலாம் என்று தான் சொன்னதாகவும் அந்தப் புள்ள ஒத்துக்கொள்ளவில்லை என்றும், தரைக்கு டைல்ஸ் சொன்னதாகவும் அந்தப் புள்ள சண்டைக்கு வந்ததாகவும். ஒவ்வொரு புகாரும் உனக்கு ஒரு சான்றிதழ். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பாப்பா இடுப்பிலிருந்து சாய்ந்து சுவரை ஒரு நக்கு நக்கிவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் புறாக்கள் கிளம்பிப் பறந்தன. "பயந்துக்காதீங்கம்மணி, கடுக்காயும் கருப்பட்டியுந்தானுங்க" என்றார் காண்ட்ராக்டர். "சிமெண்டு ஒரு சட்டிகூட உள்ளாற வரக் கூடாதுன்னு சொல்லிப்போட்டதுங்க அந்தப் புள்ள." அதுவும் உன் கணக்கில் சேர்ந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அவர் சிரித்தார்.

கோடு மறுபடி வாசலுக்கே வந்து முடிந்தது. டிரஸ்டி விரலில் ஒட்டிய சுண்ணாம்பை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "எல்லாம் வாஸ்தவந்தானுங்கம்மணி. ஆனா கல்லுல குடுத்தவங்க பேருதான் போடறது. கூலி வாங்கினவங்க பேரெல்லாம் வெட்டினா கல்லு பத்துமுங்களா?" என்றார்.

இவ்வளவு தூரம் வந்து இதில் முட்டிக்கொண்டேனே என்று கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிய திசையில் டிரஸ்டியின் லாரி நின்றிருந்தது, தரைக்குப் போட மீதிக் கல் இறக்க வந்தது. நெற்றியில் அவர் குலசாமி பெயர், அதற்குக் கீழே அவர் பெயர். பின்பக்கப் பலகையில், பச்சைப் பெயின்ட்டில், வேறொரு பெயர்.

"அது யாரு பேருங்க?" என்றேன்.

"பாடி கட்டின பட்டறைக்காரர் பேரு."

"அவரு கூலி வாங்கலீங்களா?"

அவர் லாரியைப் பார்த்தார். சத்திரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பார், வேட்டி மடிப்பு அவிழ்கிற சிரிப்பு. "நாமக்கல்காரன லாரிய வெச்சே மடக்கிப்போட்டீங்களே அம்மணி. பேரு எப்படி எழுதறதுன்னு சரியாச் சொல்லிருங்க" என்றார். பின்னால் என் வீட்டுக்காரர் இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

என்ன போடுவது என்பதிலும் ஒரு சின்னச் சண்டை. 'புனரமைத்தவர்' என்று எழுதி வைத்திருந்தார்கள். இடித்துவிட்டுக் கட்டுவதற்கு வைத்த அழகான பெயர் அது என்று நீ கேலி செய்வாய். 'நான் வெறும் ரிப்பேர்காரிடி' என்பாய். ரிப்பேர்காரி என்று கல்லில் வெட்ட முடியாது. 'பழுதுபார்த்த கட்டடக் கலைஞர்' என்று போடச் சொன்னேன். அதற்குக் கீழே உன் பெயர், உன் அப்பாவின் இனிஷியலோடு. உபயதாரர்கள் பெயருக்குச் சமமான எழுத்து. அளந்து பார்த்தேன்.

போன வாரம் திறப்பு விழா. ராசிபுரத்திலிருந்து உன் அப்பா வந்திருந்தார், தறியை நிறுத்திவிட்டு. கல்லைக் காட்டப் போனால் அவர் முதலில் கோட்டைத்தான் தடவிப் பார்த்தார். தறியில் ஓடி முடிந்த பாவோடு புதுப் பாவை இழை இழையாய்ச் சேர்ப்பார்களே, அதை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "பாவு பிணைச்ச எடமாட்டவே இருக்குது சாமி" என்றார். அப்புறம்தான் பெயருக்கு வந்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தவர், கூட்டத்தில் யாரோ விரிசல் என்று சொன்னதைக் கேட்டுச் சட்டென்று திரும்பினார். அதற்குள் டிரஸ்டி முந்திக்கொண்டார். "விரிசல் இல்லீங்க, அது மரியாதை" என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார், ஏதோ தானே கண்டுபிடித்தது மாதிரி. காண்ட்ராக்டர் அவருக்குப் பின்னாலேயே போய், கோடு ஒரே சீராக வருவதற்குத் தான் பட்ட பாட்டைச் சொன்னார். உனக்குச் சிரிப்பு தாங்கியிருக்காது.

நான் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தேன், அன்றைக்குப் போட முடியாமல் போன மாலை. கல்லுக்கு முன்னால் நின்றதும் கை வரவில்லை. மாலை போட்டால் நீ போனவளாகிவிடுவாய். அந்தப் பெயரோ அப்போதுதான் வந்து நிற்கிறது. மாலையைப் பிரித்து நிலைவாசலுக்குத் தோரணமாகக் கட்டச் சொன்னேன். பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக அதற்கடியில் நுழைந்து போனார்கள்.

கிளம்புவதற்கு முன் வடக்குச் சுவருக்குப் போனேன். உன் கண்ணாடித் துண்டு அங்கேயே இருக்கிறது. சிமெண்டு பூசவில்லை, யாரும் பிடுங்கவில்லை. ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டது. முழுசாக இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பாப்பா இருமினாள். எழுந்து ஓடினேன். நெற்றியைத் தொட்டேன், மூக்கின் கீழே விரலை வைத்தேன், மாரில் கை வைத்தேன். வாயில் இன்னும் கடுக்காய் வாசனை. முன்பென்றால் விடியும்வரை அப்படியே குந்தியிருப்பேன். இன்று போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்து பேனாவை எடுத்துக்கொண்டேன்.

கண்ணாடி உடையவில்லை புள்ள.