பவியின் பேஸ் கிடாருக்குப் பச்சைப் பெயின்ட்

செப். 29, திங்கள். தூறல்.

கம்பெனி பஸ்ஸில் நான் எழுந்தால் சீட்டில் பச்சைப் பெயின்ட். என் பின்பக்கத்தின் அச்சு, அளவு பிசகாமல். மெயின்டனன்ஸ் மஞ்சுநாத் விடுவானா?

"ஏன்ணா, மெஷினுக்குத்தான் பெயின்ட்டுன்னு பாத்தா உனக்கும் அடிச்சுட்டாங்களா? ஆயுத பூஜைக்கு நீ ரெடி!"

பஸ்ஸே சிரித்தது. நானும்.

மெஷின் பெயின்ட்தான். ஆனால் ஒட்டியது வீட்டில், மகள் பவியின் பேஸ் கிடாருக்கு அடித்தபோது. அந்தக் கிடார் அவள் பிறப்பதற்கு வெகு முன்னே செய்தது, பழசாக வாங்கினாள். பெங்களூர் ஹாஸ்டலில் சத்தம் கூடாது என்று இங்கேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை வந்து வாசிப்பாள். வருவது எங்களைப் பார்க்க அல்ல. தெரியும்.

செப். 30, செவ்வாய். வெயில்.

வேலை முடிந்தது. எங்கள் ஃபேக்டரி லைனில் பழைய டிராயிங்படி செய்த பாகம் ஏறாது, புது ரிவிஷனுக்கு மாற்றியாக வேண்டும். கிடாருக்கும் அப்படியே. அதே மாடல் இப்போது எப்படி வருகிறது என்று போனில் பார்த்தேன்.

- சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்குக் குமிழ், இரண்டு. கழற்றியாச்சு. இப்போது வரிசையாக மூன்று. புதுத் துளை மஞ்சு போட்டான், ஒயரிங்கும் அவனே.
- கம்பிக்குக் கீழே விரல் ஊன்ற இருந்த கட்டை மேலே போயாச்சு.
- தகர மூடிக்குள் கம்பியை அமுக்கிக்கொண்டிருந்த, மக்கிய ஸ்பாஞ்ச். குப்பைக்கு.
- பெயின்ட் ரெண்டு கோட்.

மஞ்சு மட்டும், "பாப்பாவ ஒரு வார்த்த கேட்டியாண்ணா?"

"சர்ப்ரைஸ்டா."

அக். 1, புதன். ஆயுத பூஜை.

பவி வந்தாள். பொட்டு வைத்து, சாமந்தி சுற்றி, துணியை விலக்கினேன். தகர மூடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அந்த ஸ்பாஞ்ச் எங்க?"

"மக்கிப்போச்சும்மா. குப்பையில போட்டேன்."

"அதுதாம்ப்பா அந்த சத்தமே." குமிழைத் தொட்டாள். "மொதல்ல கொஞ்ச நாள்தான் ரெண்டு குமிழ் வச்சு செஞ்சாங்க. அப்புறம் மூணாக்கிட்டாங்க. மாத்தாத பீஸுன்னு தேடித்தேடி வாங்கினேன்."

வாசித்தாள். கணீர். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. "கடையில தொங்குற எல்லாமே இப்படித்தாம்ப்பா கேக்கும்" என்று கீழே வைத்துவிட்டாள்.

மனைவி: "ஏங்க, உங்க கை சும்மாவே இருக்காதா?"

பொரி தின்றேன். வேறென்ன செய்ய.

அக். 2, வியாழன். விடாத மழை.

குப்பை வண்டி எப்போதோ போய்விட்டது. மஞ்சுவுக்கு போன். "துளைய அடைச்சுத் தர்றேண்ணா. ஆனா போடாத மாதிரி ஆக்க முடியாது." இருந்த ஒரு கயிற்றையும் நானே அறுத்தேன். பெரிய டெக்னீஷியன்!

ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரை கிடார் பெட்டியை நான்தான் தூக்கினேன்.

"ரிப்பேர் பண்றவர்ட்ட காட்டறேன். அப்புறம் ஃப்ரெண்டு வீட்லயே வச்சுக்கறேம்ப்பா."

"அடுத்த மாசம்?"

"தெரியலப்பா. பாக்கலாம்."

திட்டியிருந்தால் தேவலை.

"ஜன்னல்ல சாரல் அடிக்கும், தள்ளி உக்காரு" என்றேன்.

கிடார் இல்லாவிட்டாலும் வா என்று சொல்லவில்லை.