ஈரம் காயாத ஊருக்கு

மேலத்துறைக்குடி
குடவாசல் வழி
16-8-1992

அன்பு மகள் பொன்னுத்தாய்க்கு,

அப்பா தங்கையன் எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். அறிவொளி வகுப்புக்கு ஐந்து மாதமாகப் போய்வருகிறேன். காலையில் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். உன் பெயரை எழுதி முடிப்பதற்குள் வெயில் வாசலைத் தாண்டிவிட்டது. உன் பெயரில் மூன்று புள்ளி இருக்கிறது. அறுபத்தொன்பது வயது வரைக்கும் இது தெரியாமல் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ்ஸில் போனால் கடைப் பலகை ஒன்று விடாமல் வாசிக்கிறேன். கண்டக்டர், "பெரியவரே, கொஞ்சம் மனசுக்குள்ள படிங்க" என்கிறார்.

நீ வேலை பார்க்கிற வீட்டு டாக்டரம்மாவின் தாயாரைப் பார்த்துக்கொள்ள அவர்களோடு கிளாஸ்கோ என்ற ஊருக்கு இரண்டு வருஷம் போவதாக ராமாயிக்கு எழுதியிருந்தாயாம். உன் தம்பி ராஜாங்கம் சொன்னான். அங்கே வருஷம் முழுக்க மழை என்றான். மழை ஊருக்குப் போகிற பெண்பிள்ளை என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று வகுப்பில் கேட்டேன். பாடம் அன்றைக்கு நடக்கவில்லை.

நான் குடை என்றேன். "குடை எதுக்குண்ணே, சீமையில மழை பக்கவாட்டுல அடிக்குமாம்" என்றாள் நீலாம்பாள். "நீ எப்ப போயி நனைஞ்சுட்டு வந்த?" என்றாள் ராமாயி. பிறகு ராமாயியே சொன்னாள், என்னைப் பார்த்து அல்ல, கரும்பலகையைப் பார்த்து: "நூல் சேலை வேணாம். நனைஞ்சா மூணு நாளு காயாது. நைலக்ஸ் நாலு எடுத்துக்கட்டும். வெளுத்த பாவாடை ஒண்ணும் வேணாம். ஊக்கு ஒரு அட்டை. காத்துல முந்தானை நிக்காது." நீலாம்பாள் சேற்றுப்புண்ணுக்கு மருதாணிப் பொடி வேண்டும் என்றாள். சீமையில் ஏது சேறு என்று சிரித்தார்கள். "மழை பேஞ்சா சேறு இல்லாமலா, சக்கரையா இருக்கும்?" என்று அவள் விடவில்லை. பினாங்கில் இருந்துவிட்டு வந்த கடைக்கார ஜெகபர் அலி, பெட்டியின் அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து அந்துருண்டை போடச் சொன்னார். ஈரத்தில் துணி பூஞ்சணம் பிடிக்குமாம்.

நான் சொல்வது கம்பளி. தலை காய்வதற்குச் சாம்பிராணி. கருவாடு வேண்டாம், ஊரைக் கூட்டிவிடும்.

போவதற்கு முன் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ. நீ இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நானும் இரண்டு வருஷம் கழித்து இருப்பேனோ மாட்டேனோ.

கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

உன் அப்பா
தங்கையன்


சென்னை
27-8-1992

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. உறையின் மேல் எழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். முகஸ்துதி இல்லை.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் தெருப் பெண்கள் பயணத்துக்கு என்று மூட்டை கட்டி நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எழுபதாம் வருஷம், ஐப்பசி. பண்ணையார் அடுத்தவர் பெயரில் ஒளித்து வைத்திருந்த நிலத்தில் இறங்கி நடுவது, பிடித்தால் திருச்சி ஜெயிலுக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. மழையில்தான் போக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா கட்டும்போது நான்தான் பையைப் பிடித்தேன். மாற்றுச் சேலை ஒன்று. அவளுக்கு இருந்ததே இரண்டு. பழந்துணி கிழித்தது எட்டுத் துண்டு. எதற்கு என்று கேட்டேன். "உள்ள போயி யாருகிட்டடி கேக்குறது" என்றாள். உப்பும் கரித்தூளும் கலந்த பல்பொடி. ஒரு கவுளி வெற்றிலை. சிரித்துக்கொண்டே கட்டினாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவர்கள் ஜெயிலுக்குப் போன ஒன்பதாம் நாள் நீங்கள் என்னை உட்கார வைத்துத் தாசில்தாருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னீர்கள். வீட்டில் எழுதத் தெரிந்தது நான் மட்டும்தான். ஆறாம் வகுப்பு. என் மனைவி கண்ணாத்தாள் புத்தியில்லாமல் போய்விட்டாள், ராமாயியும் நீலாம்பாளும் தூண்டிவிட்டார்கள், மன்னித்து விட்டுவிட வேண்டும். நீங்கள் சொன்னீர்கள், நான் எழுதினேன். நீங்கள் கைநாட்டு வைத்தீர்கள்.

அம்மாவை விட்டுவிட்டார்கள். தூண்டிவிட்டவர்கள் என்று மற்ற இருவரையும் கூடுதலாக இருபது நாள் வைத்திருந்தார்கள். அந்த இருபது நாளில்தான் ராமாயி சின்னம்மாவின் மகள் செல்லம் காய்ச்சலில் போனது.

அம்மா சொல்லித்தான் நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று ஊர் நினைத்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தாசில்தார் கச்சேரியில் அந்தத் தாளைக் காட்டித்தான் அனுப்பினார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் என் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருஷம், நடவு வரிசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். அப்படியே செத்தாள்.

நீங்கள் இப்போது எழுதுகிறீர்கள். அதை எழுதுங்கள். அந்தக் கடிதம் உங்களுடையது, அம்மாவுக்கு அதில் பங்கில்லை என்று உங்கள் கையால் எழுதி, ராமாயி சின்னம்மாவுக்கும் நீலாம்பாளுக்கும் படித்துக் காட்டுங்கள். நான் வருகிறேன்.

உங்கள் மகள்
பொன்னுத்தாய்


மேலத்துறைக்குடி
8-9-1992

அன்பு மகள் பொன்னுத்தாய்க்கு,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. வாசிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் ராஜாங்கம் பாதியை விட்டுவிட்டு வாசித்திருப்பான். எனக்கு யாரும் விட்டு வாசிக்கவில்லை.

நம் குடிசை பண்ணையார் மனையில் இருந்தது. கூரையைப் பிரித்துப் போடு என்று வாசலில் ஆள் வந்து நின்றது. வெளியே கொட்டுகிற மழை. உன் தம்பிக்குப் பதினோரு மாதம், பால் குடிக்கிற பிள்ளை. உன் அம்மா அவனையும் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். அவன் ஜெயிலில் இருமுகிறான் என்று சேதி வந்தது. பண்ணைக் கணக்குப்பிள்ளை என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னார், நான் உனக்குச் சொன்னேன். அடுத்த வருஷமே, குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று கவர்மெண்டு சட்டம் போட்டது. அது ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கலாம். வரவில்லை. நான் என்ன செய்ய?

இத்தனை வருஷத்துக்குப் பிறகு கிளறினால் யாருக்கு என்ன லாபம்? ராமாயி இப்போதுதான் நான் இருக்கிற வகுப்பில் உட்காருகிறாள்.

சரி, எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும்.

ரப்பர் பூட்ஸ் என்று ஒன்று இருக்கிறதாம், முழங்கால் வரைக்கும். பெண்களும் போடுகிறார்களாம். ஜெகபர் அலி சொன்னார். அதையும் வாங்கிக்கொள். எந்தத் தேதி பயணம் என்று எழுது.

உன் அப்பா
தங்கையன்


சென்னை
17-9-1992

அப்பாவுக்கு,

பயணம் அக்டோபர் ஒன்பது. அதற்கு முன் மூன்றாம் தேதி சனிக்கிழமை வருகிறேன்.

நைலக்ஸ் சேலை நாலு எடுத்துவிட்டேன். கறுப்பில் இரண்டு பாவாடை. டாக்டரம்மா பூட்ஸ் அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். மழைக்கோட்டு ஒன்று தந்தார்கள். போட்டால் உரச்சாக்குக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனமாகப் படியுங்கள். அந்தக் கடிதத்தைக் கணக்குப்பிள்ளை எழுதியதாகத்தான் ஊர் இன்றுவரை நினைக்கிறது. நானும் சொல்லவில்லை. அம்மா செத்த பிறகு ராமாயி சின்னம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள், செல்லத்தின் தட்டில் சோறு போட்டாள், பெரிய மனுஷியானபோது தண்ணீர் ஊற்றினாள். அப்போதெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. பிறகு சொல்ல நேரம் இருக்கிறது என்று இருந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷம்.

இப்போது சொல்லிவிட்டுத்தான் பயணம் போக வேண்டும். என் வாயால், அவள் காலடியில் உட்கார்ந்து. அவள் அடித்தாலும் சரி. அதற்குத்தான் வருகிறேன். ஆகவே, எழுதச் சொன்னது யார் என்பதை நீங்கள் சொல்லுங்கள். எழுதியது யார் என்பதை என்னிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் மகள்
பொன்னுத்தாய்


மேலத்துறைக்குடி
30-9-1992

அன்பு மகள் பொன்னுத்தாய்க்கு,

படித்துவிட்டேன். நேற்று வகுப்பில், எழுந்து நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு. பதினோரு நாள் எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன். ஆனந்தம் டீச்சர் ஒரு திருத்தம்கூடப் போடவில்லை. அதற்கு மேல் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான் எழுதியதை உனக்கும் எழுதுகிறேன்:

"எழுபதாம் வருஷம் என் மனைவி கண்ணாத்தாளை ஜெயிலிலிருந்து விடுவிக்கக் கொடுத்த மன்னிப்புக் கடிதம் என்னுடையது. அவளுக்குத் தெரியாது. ராமாயி, நீலாம்பாள் பேரில் சொன்னது பொய். கூரைக்குப் பயந்து சொன்னேன். கண்ணாத்தாள் பயப்படவில்லை. அந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல எழுதியது என் மகள் பொன்னுத்தாய். பன்னிரண்டு வயதில் ஒரு பிழையில்லாமல் எழுதினாள். இதை எழுதியது நான், தங்கையன்."

நீ அதை உன்னிடம் விடச் சொல்லியிருந்தாய். விடத்தான் நினைத்தேன். ஆனால் எழுதுகிறபோது, முழுசும் உண்மையாக இருக்கட்டுமே என்று தோன்றிவிட்டது. நான் ஒருத்தனாகவே எல்லாவற்றையும் செய்த மாதிரி எழுத எனக்குக் கை வரவில்லை. நீ சின்னப் பிள்ளை, உன்னை யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

வாசித்து முடித்ததும் ராமாயி கேட்டாள், என் முகத்தைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக: "கணக்குப்பிள்ள எழுதலியா அத?"

"கணக்குப்பிள்ளைக்கு அவ்வளவு அழகா வருமா? என் மக எழுதுனது" என்றேன்.

நீலாம்பாள் அவள் கையைப் பிடித்தாள். ராமாயி கையை உருவிக்கொண்டு, சிலேட்டுக்குச்சியைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பு முடிவதற்கு முன்னே போய்விட்டாள். அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வந்திருப்பாள்.

நீ கேட்டதை அப்பா செய்துவிட்டேன். சனிக்கிழமை காலையிலிருந்து நிறுத்தத்தில் நிற்பேன். சீக்கிரம் வா.

உன் அப்பா
தங்கையன்


சென்னை
6-10-1992

அப்பாவுக்கு,

உங்கள் முப்பதாம் தேதிக் கடிதம் நான் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது இங்கே கிடந்தது. நான் கிளம்பிய பிறகு வந்திருக்கிறது.

சனிக்கிழமை நான் வந்தேன். முதலில் சின்னம்மாவிடம் போக வேண்டும் என்று ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தேன். அவள் வாசலில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம், எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டே வந்திருந்தேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வாங்க" என்றாள்.

எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"வாங்க. உக்காருங்க. பயணமெல்லாம் எப்ப?" என்றாள். உள்ளே போய் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள். அந்த வீட்டில் நான் என்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன்? டீ கொடுத்தாள். நான் வாயைத் திறந்தேன். "சொல்லிட்டாருங்க. வகுப்புலயே படிச்சாரு. எல்லாரும் கேட்டோம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தாலுகா ஆபீசிலிருந்து வந்தவளுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

சின்னம்மா என்று காலைத் தொடப் போனேன். காலை உள்ளுக்கிழுத்துக்கொண்டாள். "வேணாங்க. சின்னப் புள்ளையில எழுதுனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. பெரிய மனுசியாகி, என் வீட்டுல எட்டு வருசம் தின்னீங்களே, அதுல ஒரு நாளு சொல்லியிருக்கலாம்" என்றாள். மாடு நெல்லில் வாய் வைத்தது. அவள் எழுந்து ஓட்டப் போனாள். திரும்பி வரவில்லை.

அவள் சொன்னது சரி. அந்தப் பழி என்னுடையது, அதை உங்கள் மேல் போடவில்லை. நான் சொல்லியிருந்தாலும் அவள் இதையேதான் சொல்லியிருப்பாளோ என்னவோ. ஆனால் அவள் அதை என் வாயிலிருந்து கேட்டிருப்பாள். எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அம்மாவை ஒரு தாளில் கொடுத்தீர்கள். என்னை இன்னொரு தாளில் கொடுத்துவிட்டீர்கள். முதல் தடவை கூரை போய்விடும் என்ற பயம் இருந்தது. இந்தத் தடவை உங்களை யாரும் பயமுறுத்தவில்லை.

வந்த நிறுத்தத்துக்கே திரும்பி நடந்தேன். நடவு முடிந்த வயலுக்கு அந்தப் பக்கம் நீங்கள் நிற்பது தெரிந்தது. சலவைச் சட்டை போட்டிருந்தீர்கள். குடவாசலிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றது. ஏறி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினீர்கள். அடுத்த பஸ்ஸிலும் அப்படியே பார்த்தீர்கள். மூன்றாவது பஸ் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எதிர்ப்பக்கமாக, குடவாசலுக்குப் போகிற பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

போகிற இடத்து விலாசத்தை ராஜாங்கத்திடம் கொடுக்கவில்லை. உங்களுக்கும் எழுதப் போவதில்லை.

பொன்னுத்தாய்